டாமி டார்சியின் ஒலிப்பதிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாமி டார்சி யார்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில், 1905 நவம்பர் 19 அன்று பிறந்தவர். அவருடைய தந்தை சுரங்கத்தில் உழைத்துக்கொண்டே இசை பயின்று, பின்னர் ஊர்ப் பிள்ளைகளுக்கு இசை கற்பித்து, பேண்ட் குழுவும் நடத்தினார்; தம் மகன்கள் இருவரும் சுரங்கத்துக்குள் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அவர்கள் கையில் வாத்தியத்தைக் கொடுத்தார். மூத்தவர் ஜிம்மி சாக்ஸபோனிலும் கிளாரினெட்டிலும் தேர்ந்தார். இளையவர் டாமி, டிராம்போன் என்னும் பித்தளைக் காற்று வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டார். 1920களில் பால் வைட்மன் போன்றோரின் பெரிய குழுக்களிலும் நியூயார்க்கின் வானொலி, ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இருவரும் ஓய்வின்றி வாசித்தார்கள். 1935 முதல் டாமி தம் பெயரில் நடத்திய குழு, ஸ்விங் என்னும் நடன ஜாஸின் காலம் என்று சொல்லப்படும் அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டுகளை வெளியிட்ட குழுக்களில் ஒன்றாயிற்று.

அண்ணனும் தம்பியும் ஏன் பிரிந்தார்கள்?

டார்சி சகோதரர்கள் என்ற பெயரில் 1928 முதல் இருவரும் தட்டுகள் பதிந்துவந்தார்கள். 1934இல்தான் அது முழுநேரக் குழுவாயிற்று. அதில் டிராம்போன் வாசித்து, இசைக்கோர்ப்பும் செய்தவர்களில் கிளென் மில்லர் ஒருவர். 1935 மே மாத இறுதியில், நியூயார்க் நகருக்கு அருகிலுள்ள கிளென் ஐலண்ட் கேசினோ அரங்கில், ஒரு பாட்டுக்கு டாமி பிடித்த காலப்பிரமாணம் சரியில்லை என்று ஜிம்மி மேடையிலேயே சொல்ல, டாமி டிராம்போனை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஒரு சொல்லில் மூண்ட சண்டை என்றே கதை சொல்லப்படுகிறது என்றாலும், ஒரே குழுவுக்கு இரண்டு தலைவர்கள் இருக்க முடியாது என்பது அதற்கு முன்பே இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஜோ ஹேம்ஸ் என்பவரின் குழுவிலிருந்து பெரும்பாலோரை அப்படியே எடுத்துக்கொண்டு, டாமி அந்த ஆண்டு செப்டம்பரிலேயே விக்டர் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதியத் தொடங்கினார்.

முதலில் எந்தப் பதிவைக் கேட்பது?

"ஐ ஆம் கெட்டிங் சென்டிமென்டல் ஓவர் யூ" என்ற பாட்டை, அவர் 1935 அக்டோபரில் பதிந்த வடிவத்தில் கேளுங்கள். ஜார்ஜ் பாஸ்மன் மெட்டமைத்து 1932இல் வந்த பாட்டு அது. சகோதரர்களின் குழுவிலேயே அது வாசிக்கப்பட்டிருந்தாலும், தனிக் குழு தொடங்கியதும் டாமி அதைத் தம் அடையாள இசையாக வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவருடைய வானொலி நிகழ்ச்சிகள் அந்த மெட்டோடு தொடங்கின. கேட்டு முடித்தவுடன் அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய சிறு குழு பதிந்த "தி மியூசிக் கோஸ் ரவுண்ட் அண்ட் ரவுண்ட்" தட்டைப் போடுங்கள். ஒன்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கச் செய்வது, மற்றொன்று காலைத் தாளம் போட வைப்பது. இரண்டும் ஒரே மனிதர் மூன்று மாதங்களுக்குள் செய்தவை.

அவருடைய டிராம்போன் ஒலியில் அப்படி என்ன சிறப்பு?

இதற்குப் பதில் சொல்ல, வாத்தியத்தின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். டிரம்பெட்டில் மூன்று வால்வுகள் உண்டு; விரலை அழுத்தினால் சுரம் மாறும். டிராம்போனில் அவை இல்லை. நீண்ட குழாயொன்று முன்னும் பின்னும் நழுவும். அதற்கு ஏழு நிலைகள். எந்த நிலை எங்கே இருக்கிறது என்று குழாயில் குறியேதும் இராது, கையும் காதும்தான் கண்டுகொள்ள வேண்டும். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் குழாய் நகரும்போது மூச்சு ஓடிக்கொண்டே இருந்தால், இடைப்பட்ட சுரங்கள் எல்லாம் வழுக்கிக்கொண்டு வெளியே கேட்கும். நம் இசையில் ஜாரு என்போமே, ஏறக்குறைய அது. சில இடங்களில் அது அழகு. மெட்டு முழுவதும் அப்படியே வழுக்கினால் கேட்கச் சகிக்காது. ஆகவே பெரும்பாலான வாசிப்பாளர்கள் ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் வெட்டி வாசித்தார்கள். வழுக்கல் போயிற்று, அதோடு ஓட்டமும் போயிற்று.

டார்சி இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றினார். குழாய் நகரும் அதே கணத்தில், அதற்கு முன்னும் பின்னும் இல்லாமல், நாக்கு மிக மெல்லத் தொட்டு விலகும், மூச்சு அறுபடாது. கேட்பவருக்குச் சுரங்கள் தனித்தனியாகவும் தெளிவாகவும் விழும், ஆனால் இடையில் மடிப்பே தெரியாது. அடையாள இசையாக அவர் தேர்ந்த மெட்டு டிராம்போனின் மேல் பகுதியிலேயே பெரும்பாலும் உலவுவது. உதடு சற்றுத் தளர்ந்தாலும் சுரம் உடைந்துவிடும் இடம் அது. அங்கே அவர் பதற்றமில்லாமல், பாட்டின் ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் கொண்டுபோய்க் கார்வையில் நிறுத்துவார். ஒவ்வோர் இரவும், களைப்பிலும் பயணத்திலும், நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் முதல் உருப்படியாகவே அதை வாசிக்கும் துணிவு எத்தகையது என்பதைக் காற்று வாத்தியம் பயின்றவர்கள் உணர்வார்கள்.

பெரிய குழுவுக்கும் அவருடைய சிறிய குழுவுக்கும் என்ன வேறுபாடு?

பெரிய குழு என்பது டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று மூன்று அணிகளும், பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ் என்ற தாள அணியும் சேர்ந்தது. அத்தனை பேர் ஒன்றாக வாசிக்க வேண்டுமானால், யார் எப்போது எதை வாசிப்பது என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அந்த எழுத்துத்தான் இசைக்கோர்ப்பு. பெரிய குழுவின் உண்மையான முகம் பெரும்பாலும் அதை எழுதியவருடைய முகமே.

சிறு குழுவுக்கு டார்சி வைத்த பெயர் கிளாம்பேக் செவன். கிளாம்பேக் என்பது கடற்கரையில் சிப்பிகளைச் சுட்டு உண்ணும் விருந்து. அன்றைய இசைக்காரர்கள் கூடி உட்கார்ந்து விருப்பம்போல் வாசிக்கும் அமர்வையும் அந்தச் சொல்லால் குறித்தார்கள். பெரிய குழுவிலிருந்தே ஏழு பேரைப் பிரித்தெடுத்து, நியூ ஆர்லியன்ஸ் வழியில், டிரம்பெட் மெட்டைப் பிடிக்க, கிளாரினெட் அதன் மேலே பின்ன, டிராம்போன் கீழிருந்து தாங்க, எழுதாமலே வாசிக்கவிட்டார். பெரும்பாலும் ஈடித் ரைட் பாடினார். "தி மியூசிக் கோஸ் ரவுண்ட் அண்ட் ரவுண்ட்" பாட்டு நியூயார்க்கின் 52ஆம் தெருவில் ஆனிக்ஸ் கிளப்பில் வாசித்துவந்த ரைலி, ஃபார்லி என்னும் இருவரிடம் பிறந்தது; அது நாடெங்கும் பரவியதில் கிளாம்பேக் செவன் தட்டுக்குப் பெரும் பங்குண்டு. 1936இல் டேவ் டஃப் டிரம்ஸிலும் பட் ஃப்ரீமன் டெனர் சாக்ஸபோனிலும் வந்து சேர்ந்த பிறகு, குழுவின் சூடு இன்னும் ஏறியது. 1937இல் பதிந்த "தி லேடி இஸ் எ டிராம்ப்" தட்டில் ஈடித் ரைட்டின் துடுக்கான குரலைக் கேட்டவர்கள், அதே பாட்டைப் பிற்காலத்தில் யார் பாடினாலும் அவரையே நினைத்துக்கொள்வார்கள்.

ஒன்று கவனிக்கத்தக்கது. பெரிய குழுவில் டார்சியின் டிராம்போன் நடுவில் நிற்கும். சிறு குழுவில் அவர் ஓர் ஓரமாக ஒதுங்கி, கரகரப்பான, சற்று முரட்டுத்தனமான ஒலியில் மற்றவர்களைத் தாங்குவார். இளமையில் அவர் டிரம்பெட்டும் வாசித்தவர்; 1920களின் இறுதியில் டிரம்பெட்டில் அவர் பதிந்த சில தட்டுகளில் கேட்கும் அந்தக் காட்டமான ஜாஸ், அடையாள இசையின் பட்டுக்குள் மறைந்துபோகவில்லை என்பதற்குக் கிளாம்பேக் செவன் சாட்சி.

"மரீ", "சாங் ஆஃப் இந்தியா" ஆகிய இரண்டும் ஏன் எப்போதும் சேர்த்தே பேசப்படுகின்றன?

இரண்டும் 1937 ஜனவரி 29 அன்று ஒரே நாளில் பதியப்பட்டு, ஒரே தட்டின் இரு பக்கங்களாக வெளிவந்தன. "மரீ" இர்விங் பெர்லினின் பாட்டு. ஜாக் லெனர்ட் மெட்டை நேராகப் பாடுகிறார். அவர் நிறுத்தும் இடங்களில் எல்லாம் குழுவினர் வேறு பாட்டுகளிலிருந்து பிய்த்தெடுத்த அடிகளை ஒரே குரலில் இடையே எறிகிறார்கள். இந்த யோசனை டார்சியினுடையது அன்று. ஃபிலடெல்ஃபியாவில் சன்செட் ராயல் செரினேடர்ஸ் என்ற கறுப்பர் குழு அப்படிப் பாடியதைக் கேட்டு, தம்மிடமிருந்த பல இசைக்கோர்ப்புகளை ஈடாகக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். கொடுக்கல் வாங்கல் நடந்தது உண்மைதான். ஆனாலும் புகழும் பணமும் ஒரு பக்கமே போய்ச் சேர்ந்தன; அந்தக் குழுவின் பெயரைச் சொல்லாமல் "மரீ" பற்றி எழுதுவது முறையாகாது என்று கருதுகிறேன்.

பாட்டு முடிந்ததும் வெடித்துக்கொண்டு புறப்படும் டிரம்பெட் பன்னி பெரிகனுடையது. டார்சி குழுவில் அந்த முறை அவர் இருந்தது சில வாரங்களே. 1942இல், 33 வயதில் இறந்தும் போனார். அன்று அவர் மனோதர்மமாக வாசித்தது அத்தனை பேருக்கும் மனப்பாடமாகிவிட்டதால், பிற்காலத்தில் டார்சி அதைச் சுரப்படுத்தி, டிரம்பெட் அணி முழுவதும் சேர்ந்து வாசிக்கும்படி எழுதச்செய்தார். ஒரு கணத்தில் தோன்றி மறைய வேண்டியது, எழுத்தாகி நிலைத்தது.

மறுபக்கத்தில் உள்ள "சாங் ஆஃப் இந்தியா" ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கார்சகோவின் "சாட்கோ" என்னும் இசை நாடகத்தில் இந்திய வணிகன் ஒருவன் பாடும் பாட்டு. பெயரில் மட்டுமே இந்தியா. மெட்டு ரஷ்யரின் கற்பனை. டார்சி அதை நடனத்துக்கேற்ற தாளத்தில் வைத்தும் மெட்டின் மிதப்பைக் கலைக்கவில்லை.

டார்சி உண்மையில் ஜாஸ் கலைஞர்தானா?

மனோதர்மத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், அவரை முதல் வரிசையில் வைக்க முடியாது. இதை முதலில் ஒப்புக்கொண்டவர் அவரே. 1939 ஜனவரியில் மெட்ரோனோம் என்ற இசை இதழின் சார்பில் முன்னணிக் கலைஞர்களைத் திரட்டிப் பதிந்தபோது, அவரும் ஜாக் டீகார்டனும் ஒரே கூடத்தில் இருந்தார்கள். டெக்ஸாஸ்காரரான டீகார்டன், கறுப்பரின் சோக இசை மரபான ப்ளூஸை டிராம்போனில் வாசிப்பதில் இணையற்றவர். "தி ப்ளூஸ்" என்றே பெயரிட்ட அந்தப் பக்கத்தில் டார்சி எளிய மெட்டை மட்டும் நேராகப் பிடித்துக்கொள்ள, டீகார்டன் அதைச் சுற்றித் தம் கற்பனையை ஓடவிடுகிறார். நாட்டில் மிகப் பிரபலமான டிராம்போன் வாசிப்பாளர், தம்மைவிடச் சிறந்தவர் என்று தாம் கருதியவருக்குத் துணை வாசித்த பதிவு அது. எனக்கு டார்சியின் தனி வாசிப்புகளில் பலவற்றைவிட இந்த ஒரு பக்கத்தின் மேல் மதிப்பு அதிகம்.

தம்மிடம் இல்லாதது யாரிடம் இருக்கிறது என்று அறியும் காது அவருக்கு இருந்தது. பெரிகன், டஃப், ஃப்ரீமன், பின்னர் டிரம்பெட்டில் சிகி எல்மன், சார்லி ஷேவர்ஸ், டிரம்ஸில் பட்டி ரிச் என்று வரிசையாக அவர் அழைத்து அமர்த்தியவர்கள் எல்லாரும் அவர் செய்ய முடியாததைச் செய்தவர்கள். கடுங்கோபக்காரர், ஆட்களை நொடியில் வேலையை விட்டு நீக்குபவர் என்று பெயரெடுத்தவர்தான். ஆயினும் தட்டில் அவர்களுக்குரிய இடத்தை விட்டுக்கொடுத்தார்.

சை ஆலிவர் வந்த பிறகு குழு எப்படி மாறியது?

ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட் குழுவின் தனித்த நடையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆலிவரை, லன்ஸ்ஃபோர்ட் கொடுத்ததைவிட ஆண்டுக்கு 5,000 டாலர் கூடுதலாகத் தருவதாகச் சொல்லி டார்சி 1939இல் அழைத்துக்கொண்டார். வெள்ளையர் குழுவொன்றுக்குக் கறுப்பர் ஒருவர் முதன்மை இசைக்கோர்ப்பாளராவது அன்று அரிது. அதுவரை தத்தித் தத்தி ஓடிய தாளம் தளர்ந்து, ஆழமாகி, பின்னால் சாய்ந்து நடக்கத் தொடங்கியது. ஆலிவர் வந்ததால்தான் பட்டி ரிச்சும் அந்த ஆண்டின் இறுதியில் வரச் சம்மதித்தார் என்பார்கள். 1941இன் "யெஸ் இன்டீட்" தட்டில் ஆலிவரே பாடகி ஜோ ஸ்டாஃபோர்டுடன் சேர்ந்து பாடுகிறார்; 1942இன் "வெல், கிட் இட்" தட்டில் எல்மனும் சக் பீட்டர்சனும் டிரம்பெட்டில் மல்லுக்கு நிற்கிறார்கள். 1937இன் "மரீ"யையும் இவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே தலைவரின் கீழ் இரண்டு வெவ்வேறு குழுக்கள் இருந்தன என்றே தோன்றும்.

ஃப்ராங்க் சினாட்ரா இந்தக் குழுவில் எத்தனை காலம் பாடினார்?

1940 ஜனவரி முதல் 1942 செப்டம்பர் வரை. எண்பதுக்கு மேற்பட்ட பாட்டுகளை விக்டருக்காகப் பதிந்தார். அவற்றில் தலையாயது 1940 மே 23 அன்று பதிந்த "ஐல் நெவர் ஸ்மைல் அகெய்ன்". கணவரை இளம் வயதில் இழந்த கனடியப் பெண் ரூத் லோ எழுதிய பாட்டு. ஏப்ரலில் ஒருமுறை பதிந்தது மனநிறைவு தராததால் மீண்டும் பதிந்தார்கள். இரண்டாம் முறை குரல்கள் தணிந்தன. பைட் பைப்பர்ஸ் என்னும் பாடகர் நால்வரோடு சினாட்ராவும் ஐந்தாமவராகக் கலந்து, தேவையான இடத்தில் மட்டும் தனித்து எழுகிறார். பின்னால் ஜோ புஷ்கின், செலெஸ்டா என்னும் பியானோ போன்ற சிறு வாத்தியத்தில் மணியொலி போல் சில சுரங்களைத் தெளிக்கிறார். டார்சி ஒலியைத் தணிக்கும் மியூட்டை டிராம்போனில் பொருத்தி ஒரு சிறு பகுதி வாசித்து விலகிக்கொள்கிறார். பெரிய குழுவின் பெயரில் வெளிவந்த தட்டு என்றாலும், உள்ளே இருப்பது ஓர் அறைக்குள் அடங்கும் இசை. பில்போர்ட் என்ற இசைத்துறை இதழ் 1940 ஜூலையில் நாடளாவிய விற்பனைப் பட்டியலைத் தொடங்கியபோது அதில் முதலிடம் பெற்ற முதல் தட்டு இதுவே. அந்த இடத்தில் 12 வாரங்கள் இருந்தது.

சினாட்ரா பாடுவதற்கு டார்சியின் டிராம்போனிடம் கற்றார் என்பது மெய்யா?

சினாட்ராவே பலமுறை சொன்னது இது. மேடையில் டார்சிக்குப் பின்னால் உட்கார்ந்து, இவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று பார்த்துப் பார்த்து ஏமாந்ததாகவும், கடைசியில் வாயின் ஓரத்தில் ஊசித்துளை போன்ற இடைவெளி வழியாகக் காற்றைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொள்வதைக் கண்டுபிடித்ததாகவும் அவர் கூறியிருக்கிறார். தம் மூச்சை வளர்க்கத் தண்ணீருக்கடியில் நீந்திப் பழகினார். விளைவு பதிவுகளிலேயே தெரிகிறது: 1940இன் தொடக்கத்தில் ஒவ்வோர் அடியின் முடிவிலும் மூச்சு வாங்கியவர், 1942இல் இரண்டு அடிகளை இணைத்துப் பொருள் முடியும் இடத்தில் நிறுத்துகிறார். பிற்காலத்தில், 1961இல், "ஐ ரிமெம்பர் டாமி" என்ற தொகுப்பை சை ஆலிவரின் இசைக்கோர்ப்பில் அவர் பாடி வெளியிட்டது, அந்தக் கடனை அவர் மறக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

1942க்கும் 1944க்கும் இடையில் புதிய தட்டுகள் ஏன் இல்லை?

அமெரிக்க இசைக் கலைஞர்களின் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவைப் புறக்கணித்தது. தட்டுகளும் வானொலியும் மேடைப் பிழைப்பைத் தின்கின்றன என்பதும், தட்டு விற்பனையிலிருந்து கலைஞர்களுக்கு ஒரு பங்கு வர வேண்டும் என்பதும் அதன் வாதம். விக்டர் இணங்கியது 1944 நவம்பரில்தான். இடைக்காலத்தில் அந்த நிறுவனம் கையிருப்பைக்கொண்டு சமாளித்தது: 1938இல் பதிந்த "பூகி வூகி" மறுவெளியீடாகி மீண்டும் விற்றுத் தீர்ந்தது, புறக்கணிப்புக்குச் சற்று முன்பு பதிந்த "தேர் ஆர் சச் திங்ஸ்" 1943இல் முதலிடம் பிடித்தது. தடை நீங்கிய சில நாட்களிலேயே, நவம்பர் 14 அன்று, டார்சி "ஓபஸ் ஒன்", "ஆன் தி சன்னி சைட் ஆஃப் தி ஸ்ட்ரீட்" இரண்டையும் பதிந்தார்.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புபவை, படைவீரர்களுக்கென்று மட்டும் அச்சிடப்பட்ட வி-டிஸ்க்குகள். வழக்கமான தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். இவை அளவில் பெரியவை, ஆறு நிமிடம் வரை ஓடுபவை. ஆகவே தனி வாசிப்புகளுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

போருக்குப் பிந்தைய பதிவுகள் கேட்கத் தகுந்தவையா?

தகுந்தவை, ஆனால் தேர்ந்து கேட்க வேண்டும். 1946 டிசம்பரில் பல பெரிய குழுக்களோடு அவருடையதும் கலைந்தது. பின்னர் திரும்பக் கட்டியெழுப்பினார். சார்லி ஷேவர்ஸின் டிரம்பெட்டும் லூயி பெல்சனின் டிரம்ஸும் அந்தக் குழுவைத் தாங்கின. வாசிப்பில் குறையில்லை, பாட்டுத் தேர்வில்தான் சோர்வு தெரிகிறது. 1953இல் சகோதரர்கள் மீண்டும் ஒன்றுசேர்ந்தார்கள். அவர்கள் நடத்திய "ஸ்டேஜ் ஷோ" என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில்தான் 1956 ஜனவரி 28 அன்று எல்விஸ் பிரெஸ்லி முதன்முதலாக நாடு முழுவதும் தெரிந்தார். அதே ஆண்டு நவம்பர் 26 அன்று டாமி உறக்கத்தில் மூச்சடைத்து இறந்தார், வயது 51. ஜிம்மி அடுத்த ஜூனில் மறைந்தார்.

1956க்குப் பிறகும் "டாமி டார்சி ஆர்க்கெஸ்ட்ரா" என்று தட்டுகள் வருகின்றனவே?

அவர் பெயரைத் தாங்கி வேறு தலைவர்கள் நடத்திய குழுக்கள் அவை. 1958இன் "டீ ஃபார் டூ சா சா" வாரன் கவிங்டனின் தலைமையில் பதியப்பட்டது, டிராம்போனும் அவருடையதே. அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் டார்சியைத் தேடுபவர் பதிவு ஆண்டைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

பழைய பதிவுகளின் எந்த மறுபதிப்பை நாடுவது?

சினாட்ரா காலத்துக்கு, 1994இல் ஐந்து குறுந்தட்டுகளாக வந்த "தி சாங் இஸ் யூ" போதுமானது. வானொலிப் பதிவுகளும் அதில் உண்டு. மற்றவற்றுக்கு ஒரே ஒரு சோதனை சொல்வேன். இரைச்சலை முற்றிலும் துடைத்தெடுத்த மறுபதிப்புகளில் தட்டின் கீறல் ஒலியோடு டிராம்போனின் மேல் பகுதியும் போய்விடுகிறது. "சென்டிமென்டல்" மெட்டின் நீண்ட கார்வைகளில், சுரத்தின் விளிம்பில் ஒரு மெல்லிய மூச்சுச் சத்தம் காதில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், கொஞ்சம் கரகரத்தாலும் அந்தப் பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.